குடிக்கிறதை விட்ட கதை

எங்கள் பக்கத்தில் ‘குடி’ என்பது மிகவும் உழைக்கிற ஒரு வினைச்சொல். தேத்தண்ணீரைக் குடிக்கிறோம். கஞ்சியைக் குடிக்கிறோம். இருமலுக்குக் கசாயம் குடிக்கிறோம். சிகரட்டையும் குடிக்கத்தான் செய்கிறோம். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும், வீட்டுப் பேச்சில் யாரும் சிகரட்டைப் ‘புகைப்பது’ கிடையாது. அது பெட்டியில் அச்சடித்த எச்சரிக்கைக்கு உரிய சொல். இவை போக, முஸ்லிம் வீடுகளில் பெயர் சொல்லாத இன்னொன்றையும் சிலர் குடிக்கிறார்கள். பெயர் சொல்லாதபடியால் அதற்கும் இதே வினைச்சொல்தான்.

நான் ஒரு பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் என்னை இன்னும் நினைவு வைத்திருந்தால் அது அன்பினால் அல்ல, வரைவுக் கடிதங்களின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய ஒரு சொல்லினால். ‘உடன் நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால், ஓரத்தில் ‘எதை?’ என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். செயப்படுபொருள் இல்லாத ஒரு வாக்கியத்தால் ஒருவனுடைய வயலுக்குப் போகும் வாய்க்கால் அடைபடலாம், ஒரு கைம்பெண்ணின் கொடுப்பனவு நின்றுபோகலாம். இரண்டும் நடந்ததைக் கண்டவன் நான். என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘எதை சேர்’, அதாவது ‘எதை’ என்று கேட்கிற ஐயா, என்று சொன்னார்கள். அதையும் அறிவேன். பட்டப்பெயர்களில் அது மரியாதையானதுதான்.

நான் குடித்தவன். இங்கே செயப்படுபொருள் சாராயம்.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு மெதடிஸ்த கிறிஸ்தவ நண்பருக்குக் கல்முனையில் வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவி காலமாகிவிட்டார். சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய பின் விறாந்தையில், யன்னலைச் சாத்திக்கொண்டு, நாங்கள் இருவரும் அரசாங்கத்தைத் திருத்தினோம். அளவோடுதான். தள்ளாடி வீட்டுக்குப் போனவன் அல்ல நான். வீட்டுக்குப் போவதற்கு ஒரு நடைமுறை வைத்திருந்தேன்: முதலில் கராம்பு, பிறகு கடற்கரை வீதியில் நின்று நிதானமாக ஒரு சிகரட், வாசலுக்குக் கிட்ட இன்னொன்று. அலுவலகக் கோவைக் காகிதங்களுக்கு மேலே போடுகிற மட்டை மாதிரி, சாராய மணத்துக்கு மேலே சிகரட் மணம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். என் மனைவியும் திறக்கவில்லை. “சிகரட் நாறுது, குளிச்சிப்போட்டு வாங்க,” என்பாள். அவ்வளவுதான். அதை என்னுடைய நடைமுறையின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு வந்திருந்தேன். மாவடிப்பள்ளி வயலிலிருந்து வந்த அரிசியை அவள் சுளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே தொடங்கினாள்.

“இஞ்சருங்க. நான் உங்களுக்கிட்ட இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்ல.”

அது உண்மை. அதனாலேயே பயம் வந்தது.

“அந்தக் குடிக்கிறத விட்டிருங்களன். எனக்கு ஏலாம இரிக்கி.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுக்கவில்லை, நின்றே போனது. யார் சொன்னது என்று கேட்க நினைத்தேன். அப்படிக் கேட்பதே ஒப்புதல் வாக்குமூலம். ‘எதை?’ என்று கேட்கலாம் என்பது மனதில் வந்ததா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வந்தது. ஆனால் கேட்டால் அவள் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டி வரும். ஐந்து நேரமும் தொழுகிற ஒரு பெண்ணை, தன் புருஷனைப் பார்த்து அதைச் சொல்லவைக்கக் கூடாது என்று நினைத்தேன். அன்று அதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் கருணை.

“சரி,” என்றேன். “இண்டையோட முடிஞ்சி.”

“மெய்யாவா?”

“வல்லாஹி.”

அல்லாஹ்வின் பேரால் நான் அடிக்கடி சத்தியம் செய்கிறவன் அல்ல. அவள் சுளகைக் கீழே வைத்தாள். முகம் மலர்ந்துபோய், இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். இத்தனை வருடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு சொல் கேட்காமல் இருந்திருக்கிறாள் என்ற நினைப்பு என்னை அந்த அறையில் இருக்க விடவில்லை. குசினிக்குப் பின்பக்கம் போய், மதிலோரம் நின்று, ஒரு சிகரட்டைப் பற்றவைத்தேன்.

கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க அவள் வந்தாள். என்னைக் கண்டு நின்றாள்.

“இப்பதானே சத்தியம் பண்ணினீங்க?”

“ஓம். விட்டாச்சி,” என்றேன், மூக்கால் புகை வர. “இனி ஒருநாளும் இல்ல.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். உடுப்பை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பேச்சை அவள் பிறகு எடுக்கவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் கல்முனைக்குப் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. உடம்பு பட்ட பாட்டை விடச் சனிக்கிழமைப் பின்னேரங்கள் பட்ட பாடுதான் பெரிது; அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெற்றிடமான பதவிக்குச் சிகரட்டைப் பதில் கடமைக்கு நியமித்தேன். பதில் கடமை தற்காலிகமானது என்பது விதி. ஆனால் பதில் கடமையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர்களையும் நான் அறிவேன். மெல்ல மெல்ல, காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று தொடங்கி, எழும்பியதற்கும் இருந்ததற்கும் ஒன்று என்றாகியது.

மார்க்க ரீதியாகவும் என்னிடம் ஏற்பாடு இருந்தது. சாராயம் ஹறாம், அதில் இரண்டு கருத்தில்லை. சிகரட் மக்றூஹ், அதாவது வெறுக்கத்தக்கது, ஆனால் தடுக்கப்பட்டதல்ல என்பது ஒரு சாராரின் கருத்து. அதுவும் ஹறாம்தான் என்று சொல்கிற உலமாக்கள் இருக்கிறார்கள். இரண்டு சுற்றறிக்கை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் உத்தியோகத்தருக்குச் சாதகமானதைப் பின்பற்றுவது எங்கள் வழக்கம்.

சில நாளில் மதிலின் மேல் ஒரு பீரிசு வந்தது. கோப்பை உடைந்து தனித்துப்போன, ஓரத்தில் நீலப் பூப்போட்ட பீரிசு. நான் சாம்பல் தட்டுவதற்காக அவள் வைத்தாள். ஒவ்வொரு நாளும் கழுவி வைத்தாள். பெரியதை விட்டேன் என்பதற்காகச் சின்னதை அனுமதித்திருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட அரச சேவையில் எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டையும் விட அந்தப் பீரிசு பெரிதாகத் தெரிந்தது.

அவளுக்குச் சில நேரம் முட்டு வரும். மூச்சு இழுக்கும், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இருப்பாள். பின்னேரத்தில் கடல் காற்று எழும்பினால் குசினி யன்னலைச் சாத்துவாள். மண் வந்து கறிக்குள் விழும் என்பதற்காகச் சாத்துகிறாள் என்று நினைத்தேன். நானே ஒரு தடவை எழும்பிப்போய், வாயில் சிகரட்டோடு, அந்த யன்னலை வெளியிலிருந்து தள்ளிச் சாத்திக் கொடுத்திருக்கிறேன். உதவியாக.

போன வருடம் அவள் மௌத்தானாள். இருதயம். ஒரு காலைப்பொழுதில் தொடங்கி நண்பகல் லுஹர் தொழுகைக்குள் முடிந்துவிட்டது. முட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் அப்போது சொன்னார். கேட்காமலே சொன்னார். அதன் பெறுமதி அன்று எனக்குத் தெரியவில்லை.

மையித்தை அடக்க எடுப்பதிலிருந்து கத்தம் ஓதுவது வரைக்கும் எல்லாவற்றுக்கும் நடைமுறை இருக்கிறது. புருஷன் போனால் பெண்ணுக்கு இத்தா இருக்கிறது: இத்தனை மாதம், இத்தனை நாள், இன்ன உடுப்பு, இன்னாரைக் காணலாம், இன்னாரைக் காணக்கூடாது. பெண்டாட்டி போன ஆணுக்கு ஒன்றும் கிடையாது. அவன் மறுநாளே சந்தைக்குப் போகலாம். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்தவர்களில் ஒருவர், தனியாக இருக்க ஏலாதே, தனக்குத் தெரிந்த ஒரு இடம் இருக்கிறது என்று நெய்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நான் பின்பக்கம் எழும்பிப் போனேன். மதிலில் பீரிசு இருந்தது.

அந்த மாதங்களில் எனக்கு ஒரேயொரு ஆறுதல் இருந்தது. அவள் வாழ்நாளில் என்னிடம் ஒன்று கேட்டாள். அதை நான் செய்தேன். நகை வாங்கிக் கொடுக்கவில்லை, ஹஜ்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் கேட்டதைச் செய்தேன், செய்த அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. ஒவ்வொரு சிகரட்டையும் அந்த நினைப்போடுதான் பற்றவைத்தேன். சளியும் இருமலும் கூடி, சிகரட்டையும் விட்டால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பீரிசுதான் தடுத்தது. அவள் தந்ததைத் திருப்பிக் கொடுப்பது போல இருந்தது.

வீடு மகளுடையது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம். கட்டியவன் கடைசிக் காலத்தில் மகளின் விருந்தாளி. என் மகள் ஆசிரியை. நல்லவள், பேச்சுக் குறைவு. உம்மாவுக்குப் பிறகு அந்தப் பீரிசைக் கழுவி மதிலில் வைக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். அந்த மௌனத்தையும் நான் பாசம் என்றே வாசித்தேன்.

இந்த நோன்பில்தான் அது நடந்தது. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மகரிபு தொழுதுவிட்டுப் பின்பக்கம் போனேன். மகள் பீரிசோடு வந்தாள். அன்று வைத்துவிட்டுப் போகவில்லை.

“பகல் முழுக்க ஒண்டும் இல்லாம இரிந்தீங்கதானே வாப்பா. இப்பிடியே விட்டா என்ன?”

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். ஒவ்வொரு நோன்புக்கும் யோசிப்பது வழக்கம்.

“உம்மா கேட்டும் நீங்க விடல்லயே. மௌத்தாகிற வரைக்கும் அவ உங்களுக்கிட்ட கேட்டது அந்த ஒண்டுதான். குடிக்கிறத விடச் சொல்லி.”

“அத நான் அண்டைக்கே விட்டுட்டன் மகள்,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். விரலுக்கிடையில் சிகரட் எரிந்துகொண்டிருந்தது.

“இதத்தான் உம்மாக்கும் சொன்னீங்களாம். வல்லாஹி எண்டு சொல்லிப்போட்டு, இதே இடத்தில நிண்டு குடிச்சிக் குடிச்சி, விட்டாச்சி எண்டு சொன்னீங்களாம். அவ எனக்குச் சொல்லிச் சிரிச்சா. வாப்பாக்கு நான் கேட்டது பகிடியாத் தெரியிது, போகட்டும், சாம்பல நிலத்தில கொட்டாம இரிந்தாச் சரி எண்டு சொல்லித்தான் இத எடுத்து வச்சா.”

பீரிசை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சிகரட் தானாக எரிந்து முடிந்து விரலைச் சுட்டது.

சாராயத்தைப் பற்றி என் மனைவிக்குத் தெரிந்தே இருக்கவில்லை. அவளுடைய அகராதியில் அவள் புருஷனுக்கு ஒரு குடிதான் இருந்தது. ஏலாம இருக்கிறது என்று சொன்னது மூச்சை. நான் மனம் என்று கேட்டேன். என்னிடம் ஒரு பெரிய குற்றம் இருந்தபடியால் சின்னக் குற்றச்சாட்டு என் காதில் விழவில்லை. நான் மன்னிப்பு என்று நினைத்த சிரிப்பு அவள் கைகழுவிய சிரிப்பு. பரிசு என்று நினைத்த பீரிசு, இனி இவரிடம் கேட்டுப் பயனில்லை என்பதன் அடையாளம். அதற்குப் பிறகு பல வருடம், அவளுக்காக விட்டேன் என்ற பெருமையோடு, அவள் விடச் சொன்னதையே அவள் யன்னலுக்கு நேரே நின்று இரட்டிப்பாகக் குடித்திருக்கிறேன். அல்லாஹ்வின் பேரால் பொய்ச் சத்தியம் செய்தவன் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ‘எதை?’ என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். ஊருக்கெல்லாம் அதை எழுதித் திருப்பி அனுப்பியவன் நான்.

மகளுக்கு விளக்கம் கொடுக்கலாம். சிக்கல், அந்த விளக்கம் எப்படிப்பட்டது என்பதில். முன்பு ஓர் ஒழுக்காற்று விசாரணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்; கடமை நேரத்தில் தூங்கியதாக ஒரு காவலாளி மீது குற்றச்சாட்டு. அவனிடம் அசைக்க முடியாத ஒரு மறுப்பு இருந்தது. அன்று அவன் அந்தக் கட்டடத்திலேயே இருக்கவில்லை. அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, தூங்கினேன் என்று ஒப்புக்கொண்டான். புத்திசாலி. உம்மாவின் சொல்லை நான் பகிடியாக்கவில்லை என்று மகளுக்கு நிரூபிக்க என்னிடமும் ஒரு சான்றுதான் இருந்தது. அதைக் காட்டினால் அவள் வாப்பா சாராயம் குடித்தவன்.

நண்பரிடம் போனேன். எங்கள் உறவு அறுந்துவிடவில்லை. நான் அவர் வீட்டில் தேத்தண்ணீர் மட்டும் குடிப்பவனாகிவிட்டேன், அவ்வளவுதான். நோன்பு என்பதால் அன்று அதுவும் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஐசே, மனுசி கேட்டது சிகரட்டை. நீர் விட்டது என்னை.”

சிரிக்க வேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை. அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா, கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருக்காதா என்று கேட்டேன். என்ன பதிலை விரும்பிக் கேட்டேன் என்று எனக்கே தெளிவில்லை. தெரிந்திருந்தால் என் சத்தியம் அவள் கண்ணில் மெய்யாகிவிடும்; ஆனால் அவளுடைய நிம்மதி போய்விடும்.

“ஒவ்வொரு பெருநாளைக்கும் எனக்கு வட்டிலப்பம் அனுப்பினவ,” என்றார் அவர். “தெரிஞ்சிருந்தா அனுப்புவாவா? ஒருக்கா அவ டெலிபோனில சொன்னவ, உங்கட கூட்டாளிக்கு நீங்களாவது புத்தி சொல்லி அந்தச் சிகரட்ட விடச் செய்யுங்க எண்டு. நான் சிரிச்சிட்டு விட்டுட்டன்.”

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவ்வளவு சின்ன விஷயம் ஐசே, என்றார். மகளுக்குச் சொல்வதில் அவருக்கு விருப்பமில்லை. ஒரு குற்றம் போய் இன்னொரு குற்றம் வரும், பழைய குற்றமாவது பழகிப்போனது என்றார். கணக்குப் பிரிவுக்காரர்; வரவையும் செலவையும் பார்த்துச் சொல்கிறார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதில் வராத ஒன்று இருந்தது. நான் சொல்லாவிட்டால், நான் மனைவியின் சொல்லை மதித்தேன் என்பதை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் நானும் ஒரு மெதடிஸ்தரும் மட்டும்தான்.

நோன்பு முடியச் சில நாள் இருக்கையில், அஸருக்குப் பிறகு சொன்னேன். மகள் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அறிக்கை வாசிப்பது போல் வரிசையாகச் சொன்னேன்: கல்முனை, சனிக்கிழமைகள், கராம்பு, சுளகு, சத்தியம், மதிலோரம். வேறு விதமாகச் சொல்லப் பழகவில்லை. அவள் துருவுவதை நிறுத்தவில்லை. வெள்ளை முடிந்து சிரட்டையின் மண்ணிறம் தேங்காய்ப் பூவில் விழத் தொடங்கியபோதுதான் கை நின்றது.

“உம்மாக்கு இது தெரியுமா?”

“இல்ல. தெரிஞ்சிட்டுது எண்டு நினைச்சித்தான் நான் விட்டது.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள். “தெரியாமலே போய்ச் சேர்ந்திட்டா.”

நான் எதிர்பார்த்த சொற்கள் பல. இது அவற்றில் இருக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை; அவளிடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எழும்பப் போனேன். அவள் துருவிய பூவிலிருந்து மண்ணிறத் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அப்ப நீங்க உம்மாட சொல்லக் கேட்டிரிக்கீங்க வாப்பா. பிழையாக் கேட்டிரிக்கீங்க.”

குரல் உடைந்திருந்தது. யாருக்காக உடைந்தது என்று கேட்கவில்லை.

அன்று நோன்பு திறந்த பிறகு பின்பக்கம் போனேன். பீரிசு வழக்கம்போல் மதிலில் கழுவி வைக்கப்பட்டிருந்தது. வெறுப்பிருந்தால் வைத்திருக்கமாட்டாள், நம்பிக்கை இருந்தாலும் வைத்திருக்கமாட்டாள். பெட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன், திறந்தேன், மூடினேன். பிறகு பீரிசை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், கோப்பைகளோடு கவிழ்த்து வைத்தேன். மகள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

“நான் விடுறன் மகள்.”

அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

“எதை வாப்பா?”

பகிடி இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது.

“சிகரட்ட,” என்றேன்.

தலையை ஆட்டினாள். சத்தியம் செய்யச் சொல்லவில்லை, நானும் செய்யவில்லை. குசினி யன்னல் திறந்து கிடந்தது, கடல் காற்று வந்துகொண்டிருந்தது. பெட்டி இன்னும் என் சட்டைப்பையில் இருந்தது. அதை எங்கே எறிவது என்று நான் கேட்டிருக்கக்கூடியவள் அந்த வீட்டில் ஒருத்திதான்; அவள் இப்போது இல்லை.